நிலக்கரிக்கு எழுதிய சீட்டு

அறிவியல் கண்காட்சி நடத்தச் சொல்லி, புது டீச்சர்களான உங்களுக்கெல்லாம் இந்நேரம் சுற்றறிக்கை வந்திருக்கும். தலைப்பு 'இயற்கை வளங்களும் அவற்றின் பாதுகாப்பும்' என்றே இருக்கும். அதை மாற்ற யாருக்கும் மனசு வருவதில்லை. மேஜையை எப்படிப் போடுவது, சார்ட்டை எங்கே மாட்டுவது என்பதையெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள், அதற்கு நான் வேண்டியதில்லை. நான் நடத்திய ஒரு கண்காட்சியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் குடியிருந்தேன். வேலை, திருச்சியில் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில். காவிரிப் பாலம் தாண்டி ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். நாலாவது வருஷத்தில் ஒரு ஆசிரியைக்கு இருக்கும் தைரியம் வேறு யாருக்கும் இருக்காது. தெரியாதது எதுவும் இல்லை என்று தோன்றும்.

என் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ரயில்வேக்காரர்கள். ஃபிட்டர், கலாசி, ஃபயர்மேன், டிரைவர் என்று ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும். அதைப் படித்திருக்கிறேனே தவிர, அந்த வீடுகளில் அடுப்பில் என்ன எரிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் விறகு. விறகுக் கடையில் சொன்னால் வண்டியில் வந்து இறங்கும். நிலக்கரியை நான் பார்த்ததெல்லாம் பாடப்புத்தகப் படத்திலும், ஜங்ஷனில் ரயில் ஏறும்போது இன்ஜினுக்குப் பின்னால் குவித்திருக்குமே, அங்கேயும்தான்.

அந்தப் பாடத்தை அப்போது தீரா வளம், தீரும் வளம் என்று சொல்லிக் கொடுப்போம். நீங்கள் இப்போது புதுப்பிக்கக்கூடியது, புதுப்பிக்க இயலாதது என்கிறீர்கள். நான் ரொம்ப உருக்கமாக நடத்துவேன். சித்திரையில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கிறது, மேட்டூரைத் திறந்தால் ஆனியில் தண்ணீர் திரும்பி வருகிறது. மரத்தை வெட்டினால் கன்று நடலாம். நிலக்கரி மட்டும் ஒரு தடவை எரிந்தால் எரிந்ததுதான், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக்கூடக் கிடைக்காது என்பேன். ரயில்வேப் பிள்ளைகள் அந்த இடத்தில் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாடம் நெஞ்சில் இறங்குகிறது என்று நான் பூரித்துப்போவேன்.

கண்காட்சி என்று முடிவானதும் பிள்ளைகளையே பொருள்களைக் கொண்டுவரச் சொன்னேன். எனக்கு அப்போது ஒரு கிறுக்கு உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு சீட்டு வைக்க வேண்டும், அதில் மூன்று வரி இருக்க வேண்டும்: பொருளின் பெயர், கொண்டுவந்தவர் பெயரும் வகுப்பும், கிடைத்த இடம். முதல் இரண்டு வரியில் சின்னத் தப்பிருந்தால் விட்டுவிடுவேன், மூன்றாவது வரியில் விடமாட்டேன். ஒரு பொருள் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாதவள் அதை எப்படிப் பாதுகாப்பாள் என்பது என் வாதம். சுண்ணாம்புக்கல்லுக்கு 'கடை' என்று எழுதிய பெண்ணைத் திருப்பி அனுப்பி, 'அரியலூர்ப் பக்கம்' என்று எழுத வைத்தேன். மண்ணெண்ணெய்க்கு 'ரேஷன்' என்று எழுதியவளை ஒரு பீரியட் முழுக்க வாட்டினேன்.

தனலட்சுமி என்று ஒரு பெண். பதின்மூன்று வயசு. அதிகம் பேசமாட்டாள், ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வாள். அவள் அப்பா ஃபயர்மேன். இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவள்தான் பழைய பேப்பரில் சுற்றி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு நிலக்கரிக் கட்டி கொண்டுவந்தாள். பளபளவென்றிருந்தது. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. இதுதான் கண்காட்சியிலேயே முக்கியமான பொருள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சீட்டில் மூன்றாவது வரியில் அவள் 'வீடு' என்று எழுதியிருந்தாள்.

"உங்க வீட்டுல கரி விளையுதா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அப்பா கொண்டுவந்தார் என்றாள். அப்பாவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். தெரியவில்லை என்றால் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து நாளைக்கு எழுது, தெரியாமல் எழுதிய சீட்டு என் மேஜைமேல் ஏறாது என்றேன். கேட்க வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு, இடத்தில் போய் உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதிக் கொண்டுவந்தாள். 'கிடைத்த இடம்: என் அப்பா வேலை செய்யும் இன்ஜின்.'

இப்படியல்லவா எழுத வேண்டும் என்று அதை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினேன். சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். அவள் எழுத்து எவ்வளவு அழகு என்று கவனித்தேனே தவிர அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, தலைமை தாங்க ரயில்வேயிலிருந்து ஒரு பெரிய அதிகாரி சம்மதித்திருக்கிறார் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதைக் கொண்டுவந்த பெண்ணையே விளக்கம் சொல்ல நிறுத்தினேன். சீட்டில் உள்ள மூன்று வரியையும் சொல்லி, அது தீருமா தீராதா என்பதையும் சொல்ல வேண்டும். பயப்படாமல், திக்காமல், முழுசாகச் சொல்ல வேண்டும் என்று மாலையில் நிறுத்திவைத்துப் பழக்கினேன். தனலட்சுமியும் சொன்னாள். ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயசிருக்கும், வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை. கூட ஒரு உதவியாளர், கையில் டைரியோடு. தலைமையாசிரியை அவர்களை மேஜை மேஜையாக அழைத்துப்போனார். தீரா வளங்களை முதலிலும் தீரும் வளங்களைக் கடைசியிலும் வைத்திருந்தேன். கடைசி மேஜை நிலக்கரி. பார்த்துவிட்டுப் போகிறவர் மனசில் அது நிற்க வேண்டும் என்பது என் கெட்டிக்காரத்தனம்.

நான் வாசல் பக்கம் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது தமிழாசிரியை பக்கத்தில் வந்தார். அவர் கணவர் லோகோ ஷெட்டில், இன்ஜின்களை நிறுத்திப் பழுது பார்க்கிற இடத்தில், கிளார்க். "டீச்சர், அந்தக் கரிக்கு எழுதி வச்சிருக்கே, அதை நீங்க பாத்துட்டுத்தான் வச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். பார்த்துக் கையெழுத்தே போட்டிருக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இன்ஜின் கரியை வீட்டுக்குக் கொண்டுபோறது திருட்டு டீச்சர். எல்லாரும் துண்டுல சுத்தி ஒண்ணு ரெண்டு கொண்டுபோவாங்க, கண்டும் காணாம இருந்தாங்க. இப்ப அப்படி இல்ல. போன மாசம்தான் ஒருத்தரை சஸ்பெண்ட் பண்ணி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணு வீட்டுல நாலு பிள்ளைங்க."

அப்போது எனக்குள் முதலில் வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இத்தனையும் சொல்வதில் அர்த்தமில்லை. அந்தச் சீட்டில் என் கையெழுத்து இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஃபயர்மேன் அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தார். அந்தப் பெண் அதற்கும் அப்புறம் வந்தாள்.

அதிகாரிக்கும் கடைசி மேஜைக்கும் நடுவில் நாலு மேஜைகள் இருந்தன. அவர் அவசரப்படுகிற மனுஷராகவும் இல்லை. மூங்கிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாண எரிவாயுப் படத்துக்கு முன்னால் நின்று அந்தக் குழந்தையிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார். சீட்டுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று வரியும் படித்தார். எந்தச் சீட்டையும் விடவில்லை. படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

தலைமையாசிரியையிடம் சொல்லலாமென்றால் அவர் அதிகாரியை ஒட்டியே நடக்கிறார். பெண்ணை வெளியே அனுப்பினால் கட்டியும் சீட்டும் அங்கேயே இருக்கும். சீட்டை மட்டும் எடுத்தால் அவள் வாயாலேயே மூன்றாவது வரியைச் சொல்லிவிடுவாள், அப்படிப் பழக்கியிருக்கிறேன். யோசித்துக்கொண்டே நின்றதில் ஒரு மேஜை போய்விட்டது.

கடைசி மேஜைக்கு நடந்தேன். தனலட்சுமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது: இவளுக்கு எல்லாம் தெரியும். எழுதிய அன்றைக்கே தெரியும். அப்பாவுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள், டீச்சர் கேட்டுவிட்டாளே என்று. 'கேட்க வேண்டாம் டீச்சர்' என்று அவள் சொன்னதை நான் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மூணாவது வரி வேண்டாம்மா" என்று அவள் காதில் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. கட்டியையும் சீட்டையும் சேர்த்து எடுத்துப் புடவைத் தலைப்பில் சுருட்டினேன். நான் நினைத்ததைவிடக் கனம். விரிப்பில் ஒரு கறுப்புத் தடம் மட்டும் மிஞ்சியது. நான் நிமிர்வதற்கும் அதிகாரி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"நீ என்னம்மா சொல்லப் போற?" என்றார் அவர்.

அவள் வெறும் விரிப்பைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "ஐயா, இது நிலக்கரி. கொண்டுவந்தவர் தனலட்சுமி, எட்டாம் வகுப்பு." அடுத்து என்ன வர வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்திவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. அப்புறம், "இது தீரும் வளம். எரிஞ்சா திரும்ப வராது" என்று முடித்தாள்.

நல்லாச் சொன்னே, கரி எங்கே காணோம் என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான்தான் எடுத்துவிட்டேன், உடைந்து விரிப்பெல்லாம் கறையாகிறது என்று ஏதோ உளறினேன். அவர் விரிப்பில் இருந்த தூளை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அந்தக் கரியோடு கிடந்தவருக்கு அது எந்தக் கரி என்று தெரியாமலா இருக்கும்? "இது லேசில போகாதும்மா, சீயக்காய் போட்டுத் தேய்ங்க" என்றார். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார். எனக்கு அது அன்பாகவும் பட்டது, மிரட்டலாகவும் பட்டது.

அதோடு போயிருந்தால் தேவலை. கூட்டத்தில் பேசும்போது, நாட்டின் செல்வம் ஒவ்வொரு கைப்பிடியும் எண்ணிச் செலவழிக்க வேண்டியது என்றார். பொருளே இல்லாமல் விளக்கம் சொன்ன அந்தக் குழந்தைக்குப் பரிசு தர வேண்டும் என்று சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். ஒரு பேனா கொடுத்தார். பெயர் கேட்டார். பிறகு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். தனலட்சுமி "ஃபயர்மேன்" என்றாள், மைக்கில். அவர் உதவியாளர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். உதவியாளர் டைரியைத் திறந்து எழுதினார்.

என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கு நன்கொடை என்று எழுதியிருக்கலாம். அடுத்த கூட்டத்தின் நேரத்தைக் குறித்திருக்கலாம். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து இறங்கிய பெண், பேனாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். கைதட்டல் ஓய்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். பரிசு வாங்கிய சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தலைமையாசிரியை முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் சீட்டை அடுப்பில் போட்டேன். கட்டியைக் கொல்லைப்புறத்தில் புதைத்தேன். அப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். பியூன் வகுப்புக்குள் வந்தால் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிடுவேன். காலையில் முதல் வேலையாகத் தனலட்சுமியின் இடத்தைப் பார்ப்பேன். வந்திருக்கிறாள் என்றால் வேலை போகவில்லை, குவார்ட்டர்ஸ் போகவில்லை. தமிழாசிரியை தினமும் என்னைப் பார்த்து, ஒன்றும் சேதி இல்லை என்று தலையை ஆட்டுவார். அந்த அதிகாரியைத்தான் நாங்கள் இருவரும் புலியாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் அந்த ஃபயர்மேன் பள்ளிக்கு வந்தார். உயரமான மனுஷர், முன்னங்கை முழுக்கத் தீப்பட்ட தழும்பு. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வேலை போய்விட்டது, கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கேட்கட்டும், திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், அந்தச் சீட்டு உங்ககிட்டதானே இருக்கு?" என்றார்.

எரித்துவிட்டேன் என்றேன். சரிங்க டீச்சர் என்றார், ஆனால் நம்பவில்லை. கண்ணிலேயே தெரிந்தது. அவர் அதிகாரிக்குப் பயந்துகொண்டு வரவில்லை. பத்து நாளாக அந்த வீட்டில் பயந்தது எனக்கு. வகுப்பில் எழுந்து நிற்க வைத்து விடாமல் கேட்டு, எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டு, அதிகாரி வருகிற நாளாகப் பார்த்து மேஜைமேல் வைத்து, அவர் கிட்டே வந்ததும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனவள் நான். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு எப்படித் தெரியும்? என்றைக்கோ உபயோகப்படும் என்று வைத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லலாம், அதை அவர் எதை வைத்து நம்புவார்?

"இப்ப வீட்டுல கரி எரிக்கிறதே இல்ல டீச்சர்" என்றார். "அவங்க அம்மா காலையில எந்திரிச்சு சுள்ளி பொறுக்கிட்டு வருது. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நடந்துக்கறோம். பாப்பா வந்து சொல்லுச்சு, நிலக்கரி தீந்துபோயிடும்னு."

அந்த வருஷம் நான் நடத்திய பாடத்தைக் கேட்டு நிலக்கரியைப் பாதுகாத்தது அந்த ஒரு வீடுதான். அதை என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. இனிமேல் எதற்கும் கவலைப்பட வேண்டாம், என்னால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் சரிங்க என்றார். போகத் திரும்பியவர் வாசல்படியில் நின்றார்.

"ஒண்ணு கேட்டா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. பாப்பாவை வேற டீச்சர் வகுப்புக்கு மாத்திக் குடுப்பீங்களா?"

ஏன், நான் அவளை ஏதும் சொல்லவில்லையே என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லல டீச்சர். அவ ஸ்கூல் விட்டு வீட்டுக்குள்ள வந்தா, நானும் அவ அம்மாவும் பேசிட்டிருக்கிறதை நிறுத்திடறோம். வேணும்னு செய்யறதில்ல, நீங்க கேட்டா சொல்லிடுவாளோன்னு தோணிடுது. அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்பெல்லாம் வாசல்லேயே நின்னு, வரலாமாம்மான்னு கேட்டுட்டுத்தான் உள்ள வர்றா."

மறுநாள் காலையில் தலைமையாசிரியையிடம் சொல்லி அவளைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றினேன். காரணம் கேட்டார். என் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.